வலியைப் படம்பிடிப்பவர்கள்: உளவியல் சினிமாவும் ஆவணப்பட அறமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிறர் படும் வேதனையைக் கேமராவில் பதிவதைப் பற்றியே பேசும் படங்கள் சில உண்டு. அப்படிப் பதிந்ததற்காக நீதிமன்றப் படியேறிய படங்களும் உண்டு. இரண்டையும் பார்க்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில படங்களின் முடிவைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அது பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

மனநோய் பற்றிய எல்லாப் படமும் இதில் சேருமா?

சேராது. நாயகனுக்குத் தலையில் அடிபட்டு வேறு ஆளாக மாறிவிடுவது, வில்லனின் சிறுவயதுக் கொடுமையைக் கடைசி ரீலில் ஃப்ளாஷ்பேக்காகக் காட்டிப் பரிதாபம் தேடுவது, இதெல்லாம் வேறு சரக்கு. ஒருவர் துடிக்கும்போது இன்னொருவர் அதைப் பதிவுசெய்துகொண்டிருக்கிற படங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கதைப்படமோ ஆவணப்படமோ, நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கேமராவுக்கு முன்னால் இருப்பவரால் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல முடிந்ததா? சொன்னபோது என்ன நடந்தது?

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

மைக்கேல் பவல் 1960இல் இயக்கிய ‘பீப்பிங் டாம்’. கதாநாயகன் மார்க் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஃபோகஸ் புல்லர், அதாவது லென்ஸின் ஃபோகஸைச் சரிசெய்யும் கேமரா உதவியாளர். கூச்ச சுபாவம், மெல்லிய பேச்சு. பெண்களைக் கொல்கிறான், கொல்லும்போதே படமெடுக்கிறான். கேமரா முக்காலியின் ஒரு கால்தான் ஆயுதம். சாகப்போகிறவள் தன் முகத்தில் ஏறும் பயத்தைத் தானே பார்க்கும்படி கேமராவோடு ஒரு கண்ணாடியையும் பொருத்தியிருக்கிறான்.

இதுவரை கேட்டால் சாதாரண சைக்கோ கொலைகாரன் கதை போலத்தான் தெரியும். படத்தின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. மார்க்கின் அப்பா பயத்தை ஆராய்ந்த உளவியலாளர். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது சொந்த மகனை. தூங்கும் குழந்தையின் கட்டிலில் பல்லியைப் போட்டு, அது அலறி எழுவதைப் படமெடுத்தார். இறந்துகிடக்கும் தாயிடம் மகன் விடைபெறுவதையும் விடவில்லை. அந்தச் சுருள்களையெல்லாம் மார்க் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறான். கீழ்வீட்டுப் பெண் ஹெலன் கேட்டதும் போட்டுக் காட்டுகிறான். அழும் குழந்தையை ஏன் படமெடுத்தார் என்று அவள் பதறுகிறாள். படத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவள் அவள் ஒருத்திதான். நிறுத்தச் சொல்கிறவளும் அவள்தான்.

அந்தப் பழைய சுருள்களில் அப்பாவாக வருவது இயக்குநர் பவலேதான். குழந்தையாக வருவது அவருடைய நிஜ மகன். படமெடுக்கிறவன் எல்லாருக்குள்ளும் அந்த அப்பா கொஞ்சம் இருக்கிறான் என்று தன்னையும் கூண்டில் ஏற்றிக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நிஜக் குழந்தை வேண்டியிருந்ததா என்ற உறுத்தலும் கூடவே வரும்.

பிரிட்டிஷ் விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அள்ளிச் சாக்கடையில் கொட்டவேண்டிய படம் என்கிற தொனியில் ‘டிரிப்யூன்’ வார இதழ் எழுதியது. பவலுக்குச் சொந்த ஊரில் வாய்ப்புகள் வற்றிப்போயின. அதே ஆண்டில் சில வாரங்கள் கழித்து வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ கொண்டாடப்பட்டது. வித்தியாசம் என்னவென்றால், ஹிட்ச்காக் நம்மை இருட்டில் பத்திரமாக உட்காரவைத்தார். பவல் நம் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார். மார்ட்டின் ஸ்கார்செஸி முன்னின்று உதவியதால் 1970களின் இறுதியில் படம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

கேமராவே இல்லாமல் இந்தக் கேள்வியை எழுப்பிய படம் உண்டா?

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் ‘பெர்ஸோனா’ (1966). எலிசபெத் என்ற நடிகை திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுகிறாள். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் அல்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டுகிறாள். ஒருநாள் எலிசபெத் மருத்துவருக்கு எழுதிய கடிதம் ஒட்டாமல் கைக்கு வருகிறது. பிரித்துப் பார்த்தால், அல்மாவை உட்கார்ந்து கவனிப்பது சுவாரசியமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். நட்பு என்று நம்பிச் சொன்னது அத்தனையும் அங்கே வெறும் கச்சாப்பொருள்.

அதே எலிசபெத் மருத்துவமனை அறையில் வியட்நாம் புத்தபிக்கு எரியும் செய்திப்படத்தைப் பார்த்துச் சுவரோரம் ஒடுங்குவாள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் கையைத் தூக்கி நிற்கும் சிறுவனின் புகைப்படத்தை வெகுநேரம் பார்ப்பாள். தூரத்து வலிக்கு உருகுகிறவள் பக்கத்தில் இருப்பவளின் வலியை நோட்டம் பார்க்கிறாள். எழுதுகிறவர்கள், படமெடுக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கடிதக் காட்சியை ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

மனநல மருத்துவமனைக்குள் கேமரா போகலாமா?

இதற்கு அமெரிக்காவில் இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. இரண்டுமே தடைசெய்யப்பட்டன. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: நோயாளிகளின் அந்தரங்கம்.

முதலாவது ஜான் ஹூஸ்டன் எடுத்த ‘லெட் தேர் பி லைட்’ (1946). இரண்டாம் உலகப் போரிலிருந்து உடலில் காயமில்லாமல், ஆனால் நடுங்கியும் திக்கியும் நினைவிழந்தும் திரும்பிய வீரர்களை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மேசன் ஜெனரல் மருத்துவமனையில் படம்பிடித்தார். எடுக்கச் சொன்னதே ராணுவம்தான். இவர்கள் பைத்தியங்கள் அல்ல, வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளிகளுக்குக் காட்டுவது நோக்கம். முடிந்த படத்தைப் பார்த்ததும் ராணுவம் பூட்டிவைத்தது. வீரர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அந்தத் தாள்கள் காணாமல் போயின என்பது ஹூஸ்டன் தரப்பு. பின்பு நடிகர்களை வைத்து ராணுவமே வேறொரு படம் எடுத்துக்கொண்டது. ஹூஸ்டனின் படம் வெளிவர 1980 ஆனது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) என்ற பெயர் ஏறியதும் அதே ஆண்டுதான்.

இரண்டாவது ஃப்ரெடரிக் வைஸ்மனின் ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ (1967). மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர், குற்றவழக்கில் வந்த மனநோயாளிகளை அடைத்துவைத்த இடம். விவரணைக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. நிர்வாணமாக வெற்று அறைகளில் நடக்கும் மனிதர்கள். காவலர்களின் கேலி. ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கட்டாயமாக உணவு ஏற்றும்போது மருத்துவரின் வாயில் சிகரெட், அதன் சாம்பல் புனலுக்கு நேர்மேலே தொங்குகிறது. அந்தக் காட்சிக்கு நடுநடுவே அதே மனிதரின் பிணத்தைத் தயார்செய்யும் காட்சி வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு நோயாளி, ‘இங்கே இருப்பதால்தான் எனக்கு மோசமாகிறது, என்னைச் சிறைக்கே திருப்பி அனுப்புங்கள்’ என்று கோர்வையாக வாதாடுகிறார். மருத்துவர் குழு கலந்துபேசி மருந்தைக் கூட்டுகிறது.

மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1968இல் ஒரு நீதிபதி நெகட்டிவையே அழிக்கச் சொன்னார். 1969இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தி, மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர், அந்தத் துறை மாணவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றது. பொதுமக்கள் பார்க்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1966க்குப் பிறகு அங்கே மாற்றங்களும் முன்னேற்றங்களும் ஏற்பட்டுள்ளன என்று படத்தில் சேர்க்கவேண்டும் என்பதும் நீதிமன்ற உத்தரவு. வைஸ்மன், அப்படிப் போடச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது என்று ஓர் அட்டை போட்டார். அதற்கடுத்த அட்டையில் உத்தரவிட்ட வாசகத்தை அப்படியே போட்டார். சட்டம் படித்தவர் அல்லவா.

யார் பக்கம் நியாயம்? அரசு நோயாளிகளின் மானத்தைக் காக்க வந்தது என்பதை நான் நம்பவில்லை. நிர்வாணமாக நிற்கவைத்தது அரசு, அது வெளியே தெரிந்ததும் ‘அந்தரங்கம்’ என்றது. ஆனால் அரசின் வாய்ப்பேச்சு போலி என்பதால் கேள்வியும் போலி ஆகிவிடாது. மருத்துவமனைத் தலைவர் அனுமதி தந்தார். நோயாளிகள் பலரால் அனுமதி தரவோ மறுக்கவோ முடிகிற நிலையில்லை. அந்த மனிதரின் மூக்கில் குழாய் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. படம் வெளிவந்தது சரி என்பதே என் முடிவு. பார்த்த கூச்சம் போகவில்லை, போகவேண்டியதும் இல்லை.

இந்தியச் சட்டம் இதில் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 24: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது. நிர்வாகி ‘சரி’ என்றால் போதாது. அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராத தமிழர் இருக்கமாட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். கருகிய உடல்களும் சங்கிலியும் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. படங்கள் வந்திருக்காவிட்டால் அந்த வேகம் வந்திருக்குமா என்பது சந்தேகம். அதற்குமுன் தர்காவைச் சுற்றிக் கட்டிக்கிடந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனம் கருகிய பிறகு கிடைத்தது.

அழுகிறவரிடம் ‘தொடர்ந்து பேசுங்கள்’ என்று சொல்லலாமா?

‘ஷோவா’ (1985) பார்த்த எல்லாரும் கேட்பது இதைத்தான். க்ளோத் லான்ஸ்மன் 11 ஆண்டுகள் உழைத்து எடுத்த, 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். யூத இனப்படுகொலையைப் பற்றியது. ஆனால் பழைய செய்திப்படத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. பிணக்குவியல் கிடையாது. உயிர்பிழைத்தவர்கள், அருகில் இருந்தவர்கள், கொன்றவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆபிரகாம் போம்பா முடிதிருத்துபவர். டிரெப்ளிங்கா முகாமில், விஷவாயு அறைக்குள் அனுப்பப்படும் பெண்களின் முடியை வெட்டும் வேலை அவருக்கு. லான்ஸ்மன் அவரைப் பேட்டி எடுக்க இஸ்ரேலில் ஒரு சலூனை வாடகைக்கு எடுத்தார். போம்பா ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசுகிறார். குரல் சலனமில்லாமல் போகிறது. தன்னோடு வேலைசெய்த சக முடிதிருத்துபவரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்ததும் நின்றுபோகிறார். கத்தரி மட்டும் அசைகிறது. முடியாது என்கிறார். சொல்லியே ஆகவேண்டும் என்கிறார் லான்ஸ்மன், மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. வெகுநேரம் கழித்து போம்பா சொல்லி முடிக்கிறார்.

சாட்சி சொல்ல வந்தவர் அவர். எழுந்து போக அவரால் முடிந்திருக்கும், போகவில்லை. இந்த விஷயத்தில் பிரிட்ஜ்வாட்டர் நோயாளிக்கும் அவருக்கும் மலையளவு வித்தியாசம். அதனால் லான்ஸ்மன் விடாமல் கேட்டதில் எனக்குக் குறையில்லை. உறுத்துவது அந்த சலூன். கத்தரியைக் கையில் கொடுத்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி, எங்கே உடைவார் என்று கணக்குப்போட்டுத் தயாரித்த இடம் அது. நினைவை உடம்பு வழியாக வரவழைக்கும் இந்த உத்தியை, அருகில் சிகிச்சையாளர் யாரும் இல்லாமல், இன்று ஓர் இளம் இயக்குநர் செய்ய முயன்றால் நான் தடுப்பேன்.

லான்ஸ்மன் வேறொன்றும் செய்தார். டிரெப்ளிங்காவில் நாஜிகளின் எஸ்.எஸ். படைப் பணியில் இருந்த ஃப்ரான்ஸ் சுகோமல் என்பவரிடம், பெயரை வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒளித்துவைத்த கேமராவில் படம்பிடித்தார், பெயரோடு வெளியிட்டார். அதில் எனக்குத் துளி உறுத்தலும் இல்லை. கொன்றவருக்கும் பிழைத்தவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நடுநிலை ஆகாது.

வெறும் கேமரா அசைவில் என்ன அறம் இருக்கிறது?

ஃப்ரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெத் 1961இல் ‘கயே து சினிமா’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சின் தலைமூலம். ஜில்லோ பொந்தேகோர்வோ இயக்கிய ‘காப்போ’ படத்தில் வதைமுகாம் கைதியான பெண் மின்வேலியில் விழுந்து இறக்கிறாள். உடனே கேமரா நகர்ந்துபோய், அவள் கை ஃப்ரேமில் அழகாக அமையும்படி கோணத்தைச் சரிசெய்துகொள்கிறது. அந்த நேரத்தில் அழகு பார்க்கத் தோன்றுகிறவன் மேல் அருவருப்புத் தவிர வேறெதுவும் வராது என்றார் ரிவெத். பின்னாளில் செர்ஜ் தனே என்ற விமர்சகர் இந்த ஒரு பத்தியைத் தன் வாழ்நாள் வேதமாக வைத்துக்கொண்டார். அவர் ‘காப்போ’வைப் பார்த்ததே இல்லை என்பது வேடிக்கை, அதை அவரே எழுதியும் இருக்கிறார்.

எனக்கு இது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. ஆனால் இடிபாட்டுக்குள் இருக்கும் குழந்தையின் முகத்துக்கு மெதுவாக ஜூம் போட்டுப் பின்னணியில் வயலின் வைக்கும் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் ரிவெத் சொன்னது சரிதான் என்று தோன்றிவிடும்.

‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ கொலைகாரர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்ததா?

போட்டுக் கொடுத்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. 1965-66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி குறைந்தது 5 லட்சம் பேரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை, ஊரில் பெரிய மனிதர்களாக உலவினார்கள். படத்தின் இயக்குநர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் முதலில் உயிர்பிழைத்தவர்களைத்தான் படமெடுக்கப் போனார். ராணுவம் அவர்களை மிரட்டியது. கொன்றவர்களிடம் போய்க் கேளுங்கள், பெருமையாகச் சொல்வார்கள் என்று வழி காட்டியவர்களே பாதிக்கப்பட்டவர்கள்தான். சொன்னபடியே நடந்தது.

மேடான் நகரில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்ற அன்வர் காங்கோ என்ற ரவுடி, மொட்டைமாடியில் நின்று கம்பியால் எப்படிக் கழுத்தை இறுக்கினேன் என்று செய்து காட்டிவிட்டு சா-சா-சா ஆடுவார். தன் கொலைகளைத் தனக்குப் பிடித்த ஹாலிவுட் பாணிகளில் நடித்துக்காட்டச் சொன்னதும் உற்சாகமாக நடிப்பார். ஒரு காட்சியில் அவரே வதைபடுகிறவராக நடிக்கிறார், நடுவில் முடியாமல் போகிறது. பிறகு அதைத் திரையில் பார்த்துவிட்டு, நான் வதைத்தவர்களும் இப்படித்தான் உணர்ந்திருப்பார்களா என்று கேட்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர், அவர்கள் இதைவிட மோசமாக உணர்ந்திருப்பார்கள், உங்களுக்கு இது சினிமா என்று தெரியும், அவர்களுக்குச் சாகப்போகிறோம் என்று தெரியும் என்கிறார். கடைசியில் அதே மொட்டைமாடியில் அன்வர் குமட்டிக் குமட்டி ஓங்கரிக்கிறார்.

மனம் திருந்திவிட்டார் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. உடம்பு ஏதோ சொல்கிறது, அதற்குமேல் படம் எதையும் உறுதி செய்யவில்லை. என்னைத் தொந்தரவு செய்யும் காட்சி வேறு. அன்வரின் பக்கத்துவீட்டுக்காரர் ஒருவர், தன் வளர்ப்புத் தந்தையும் அப்போது கொல்லப்பட்டவர் என்பதைக் கொலைகாரர்கள் மத்தியில் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் குறையாகச் சொல்லவில்லை என்று அடிக்கடி சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். பிறகு விசாரணைக் காட்சியில் கைதியாக நடிக்கும்போது அழுகிறார். அந்த அழுகை நடிப்பில்லை. அந்த அறையில் அவரால் ‘நிறுத்து’ என்று சொல்லியிருக்க முடியாது. கேமரா நிறுத்தியிருக்கலாம்.

இதற்குப் பதில் போல வந்தது ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ (2014). கொலையுண்டவரின் தம்பி ஆதி, கண் பரிசோதகர். கொலைகாரர்களின் வீடுகளுக்குப் போய்க் கண்ணுக்கு லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே, என் அண்ணனை ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார். அவர்களை நேரில் சந்திக்கவேண்டும் என்று ஆரம்பித்தது அவர்தான். படம் வெளியாகும் முன்பே அவர் குடும்பத்தை அதே நாட்டில் வெகுதொலைவில் குடியமர்த்தினார்கள். இரண்டு படங்களின் பெயர்ப் பட்டியலிலும் உள்ளூர்க் கலைஞர்கள் பலர் ‘பெயரில்லாதவர்’ என்றே வருகிறார்கள். திரையில் ஓடும் அந்தப் பட்டியலை உட்கார்ந்து முழுக்கப் பாருங்கள்.

அனிமேஷனாக எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

ஓரளவுக்கு. முகம் தெரியாது, பிணத்தைக் காட்டவேண்டியதில்லை, கனவையும் மறதியையும் வரையலாம். ஆரி ஃபோல்மனின் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ (2008) 1982 லெபனான் போரில் இருந்த இஸ்ரேலிய வீரர் தன் தொலைந்த நினைவைத் தேடும் படம். அதில் மன அதிர்ச்சி ஆய்வாளர் ஸஹாவா சாலமன் ஒரு கதை சொல்வார். புகைப்பட ஆர்வம் கொண்ட ஒரு வீரர், போரில் கண்டதையெல்லாம் கற்பனைக் கேமரா வழியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தப்பித்து வந்தாராம். பெய்ரூட் குதிரைப்பந்தய மைதானத்தில் செத்தும் குற்றுயிருமாகக் கிடந்த குதிரைகளைப் பார்த்ததும் அந்தக் கேமரா உடைந்துபோனது. அதன்பிறகு எல்லாமே நேராக வந்து தாக்கியது. மனம் தன்னைக் கழற்றிக்கொள்ளும் விதத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சினிமாக் காட்சி எனக்குத் தெரியவில்லை. கேமரா பிடித்தவர் ஏன் ஓடிப்போய்த் தூக்கவில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது.

ஆனால் படம் முடியும்போது வரைபடம் மறைந்து, அந்தப் போரின்போது பாலஸ்தீன அகதிகள் கொன்று குவிக்கப்பட்ட சப்ரா, ஷத்தீலா முகாம்களின் நிஜக் காட்சி வருகிறது. ஓலமிடும் பெண்கள், பிணங்கள். அதுவரை இஸ்ரேலிய வீரர்களுக்குப் பெயர் இருந்தது, குரல் இருந்தது, தலைவலிகூட இருந்தது. அந்தப் பாலஸ்தீனப் பெண்கள் கதறுவது என்ன என்று ஒரு மொழிபெயர்ப்பு வரி இல்லை. ஒரு வீரரின் நினைவு திரும்பியதற்கு அத்தாட்சியாக அவர்கள் அழுகிறார்கள். நல்ல படம் கடைசி நிமிடத்தில் சறுக்கியது அங்கேதான்.

முள்ளிவாய்க்கால் காட்சிகளைப் பகிர்வது சரியா?

2009 போர் முடிவில் வெளிவந்த மிகக் கொடிய காணொளிகளில் சில, கொன்ற தரப்பினரே வெற்றிச் சின்னமாகக் கைபேசியில் எடுத்தவை. கண்ணைக் கட்டி நிர்வாணமாக்கிச் சுடுபவை, இறந்த பெண்களின் உடல்களைக் காட்டுபவை. அந்தக் கேமரா வதையின் ஒரு பகுதியாகவே இயங்கியது. பிரிட்டனின் சேனல் 4 அவற்றில் ஒன்றை 2009 ஆகஸ்டில் செய்தியாக ஒளிபரப்பியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து அது உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2011 ஜூனில் காலம் மக்ரே இயக்கிய ‘ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்’ இரவு 11 மணிக்கு மேல், எச்சரிக்கையோடு ஒளிபரப்பானது.

அங்கே படம் சாட்சியமாக இருந்தது. எங்கே, எப்போது, யார் என்ற கேள்விகள் கூடவே வந்தன. ஒவ்வொரு மே மாதமும் அதே உடல்களை வெட்டி, சோக இசை சேர்த்து, ஸ்டேட்டஸில் போடுவது வேறு காரியம். அந்தப் பெண்ணின் தாய் உயிரோடு இருக்கக்கூடும், கைபேசி வைத்திருக்கக்கூடும். சுட்டவன் எடுத்த கோணத்திலேயே நாமும் அவளைத் திரும்பத்திரும்பக் காட்டவேண்டுமா? நினைவேந்தலுக்கு அவள் உயிரோடு இருந்தபோது எடுத்த படம் போதும்.

நம் ஊர் ஆவணப்படங்களில் இதற்கு உதாரணம்?

திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017). மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றியது. பொதுத் திரையிடலுக்குக் காவல்துறை தடைபோட, படம் யூடியூபில் ஏறி லட்சக்கணக்கானவர்களைச் சேர்ந்தது. அதிலும் மலம் இருக்கிறது, பிணம் இருக்கிறது, பார்க்க முடியாத காட்சிகள் இருக்கின்றன. ஆனால் தொழிலாளர்கள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள், சாதியைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள், வேலை வாங்குகிறவர்கள் மேல் கோபப்படுகிறார்கள். பரிதாபம் கேட்கவில்லை.

கொல்கத்தா சோனாகாச்சிக் குழந்தைகளைப் பற்றி வந்து ஆஸ்கர் வாங்கிய ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ (2004) மேல் வந்த விமர்சனம் இதற்கு நேரெதிர். குழந்தைகள் கையில் கேமரா கொடுத்தது அழகான யோசனைதான். அதே தெருவில் பாலியல் தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் துர்பார் என்ற பெரிய சங்கம் இருந்தது. படத்தில் அது இல்லை. காப்பாற்ற வெளியிலிருந்து ஒருவர் வந்தால்தான் உண்டு என்கிற தோற்றம் அதனால் வந்தது.

நிஜமான வலி வேண்டும் என்று நடிகரை வதைக்கலாமா?

கூடாது, இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ (1972) எடுத்த பெர்த்தொலூச்சி, வன்புணர்வுக் காட்சியின் ஒரு விவரத்தை 19 வயது மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, நடிகையாக அல்லாமல் பெண்ணாக அவமானப்படுவது வேண்டியிருந்தது என்று பல்லாண்டு கழித்து ஒப்புக்கொண்டார். ஷ்னைடர் அந்த அவமானத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். தமிழில் 2013இல் ‘பரதேசி’க்கு விளம்பரமாக, இயக்குநர் நடிகர்களைக் கோலால் அடிக்கும் காட்சித் துண்டு வந்தது. கோல் நிஜமில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அடிவாங்கி நடித்தால் டிக்கெட் விற்கும் என்று ஒரு விளம்பரம் நம்பியதே, அந்த நம்பிக்கை நம்மிடமிருந்து போனதுதானே?

தற்கொலையைப் படத்தில் காட்டலாமா?

பேசலாம், செய்முறையைக் காட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைத்துறையினருக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது: முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அடைக்காதீர்கள், மீண்டவர்களைக் காட்டுங்கள். அதே ஆண்டு நெட்ஃப்ளிக்ஸ் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’ தொடரின் அப்படியான காட்சியை, வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெட்டி எடுத்தது. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. இந்தப் பட்டியலில் எந்தப் படமாவது உங்களைத் தாங்கமுடியாத இடத்துக்குத் தள்ளினால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

நானே ஒரு ஆவணப்படம் எடுக்கிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா?

அது உங்களைக் காப்பாற்றும், அவரைக் காப்பாற்றாது. கையெழுத்துப் போட்டபோது அவருக்கு யூடியூப் என்றால் என்னவென்று தெரிந்திருந்ததா, மகளின் மாமியார் வீட்டில் இதைப் பார்ப்பார்கள் என்று தோன்றியிருந்ததா என்று யோசியுங்கள். நான் சொல்வது இதுதான்: எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்த மறுநாள் கேளுங்கள், எடிட் முடிந்ததும் அவர் வரும் பகுதியை அவருக்குப் போட்டுக்காட்டிக் கேளுங்கள். மனம் மாறினால் எடுத்துவிடவேண்டும். உங்கள் படத்தின் உயிரே அந்த ஷாட்டில்தான் இருக்கிறது என்றாலும் எடுத்துவிடவேண்டும்.

பேட்டியின்போது அவருக்குப் பழக்கமானவர் ஒருவர் அறையில் இருக்கட்டும். நிறுத்த ஒரு சைகை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டுச் சொல்லப் பலருக்குக் கூச்சம். ஊர்ப் பெரியவரையோ விடுதி வார்டனையோ பிடித்து அனுமதி வாங்குவது அனுமதியே அல்ல. அன்றைய கூலியை இழந்து உங்களோடு உட்கார்ந்திருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். காசு கொடுத்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஒளிப்பதிவாளருக்குப் பேட்டா கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.

உங்கள் எடிட்டரையும் மறக்காதீர்கள். களத்தில் நீங்கள் ஒருமுறை கேட்ட கதறலை இருட்டு அறையில் அவர் நூறுமுறை ஓட்டிப் பார்க்கிறார்.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் ஆவணப்படம் ‘நைட் அண்ட் ஃபாக்’ (1956) 32 நிமிடம், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதில் பிணங்கள் உண்டு, தெரிந்தே உட்காருங்கள். பிறகு ‘பீப்பிங் டாம்’, ‘பெர்ஸோனா’. அதற்கப்புறம் ‘டிட்டிகட் ஃபாலிஸ்’, 84 நிமிடம்தான் என்றாலும் நீளமாகத் தெரியும். ஓப்பன்ஹைமர் படங்கள் இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்ப்பது நல்லது, முதலாவதை மட்டும் பார்த்து நிறுத்தினால் கொலைகாரர்களோடு பேச்சு முடிந்துபோகும். ‘ஷோவா’வை ஒரே மூச்சில் பார்த்துச் சாதனை படைக்க வேண்டாம். அது இரண்டு பாகமாக வெளியான படம். நான்கு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் தப்பில்லை, போம்பா பேசும் பகுதிக்கு முன் கைபேசியை அணைத்துவிடுங்கள்.